ஹோல்டுன்னா நிக்கற புள்ள

தம்பி, இந்தத் தலகாணி உங்க மேல இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லிப்போடுங்க, நான் இப்படிக் காலுக்குள்ள வெச்சுக்கறேன். பஸ்ஸுல மேல தட்டுல போடலாம்தான். எவனாச்சும் மூட்டையத் தூக்கி அதும்மேல வெச்சிருவான், பஞ்சு கட்டி கட்டியாப் போயிரும். எலவம்பஞ்சுங்க. என்ற மவளுது.

ஆஸ்டல்ல இது வேண்டாம்னுட்டாங்க. பாயி, தலகாணி, போர்வை எல்லாம் அவுங்களே குடுக்கறாங்களாமா. வெளிய இருந்து கொண்டாந்தா மூட்டப்பூச்சி வருங்கறாங்க. என்ற ஊட்டுத் தலகாணில எங்கீங்க மூட்டப்பூச்சி? நேத்துப் பூராவும் வெயில்ல காய வெச்சு எடுத்தாந்தேன். கேட்டுல இருக்கறவரு நல்ல மனுசன்தான், ஆனா ரூல்ஸுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. சரின்னு, திருச்சில புள்ளைய உட்டுட்டு தலகாணியத் தூக்கிட்டு ஊருக்குப் போறேன்.

நீங்க கோயமுத்தூருங்களா? அப்ப நான் முந்தி எறங்கிருவேன். எனக்கு வெள்ளகோயிலு.

பேஸ்கட்பாலுங்க. அதுக்குத்தான் ஆஸ்டலு. ஒம்பதாவது முடிச்சுட்டா, இனிப் பத்தாவது அங்கயே படிச்சுக்கிட்டு அங்கயே வெளையாடோணும். ஊருல எல்லாரும் கை குடுக்கறாங்க. எனக்கும் சந்தோசம்தானுங்க, இல்லீன்னு சொல்லல. ஆனா எனக்கு ஒரே வெசனம். அவ என்ற பேச்சக் கேக்கறதில்லீங்க. ஒரு வருசத்துக்கு முந்தி வரைக்கும் அப்படிக் கேட்டுட்டு இருந்த புள்ள. இந்தப் பந்தக் கையில எடுத்தா, அவ்வளவுதான், போச்சு. பேச்சக் கேக்காத புள்ளைய அத்தன தூரத்துல எப்படீங்க உடறது?

நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னு.

நான் எடைமேடைல வேலைங்க. வெள்ளகோயிலத் தாண்டி மெயின்ரோட்டு மேலயே இருக்குது, சன்னல்ல பாத்துட்டே போனாத் தெரியும். தேங்கா லோடு, தவுட்டு லோடு, நெல்லு லோடு, எதுன்னாலும் எங்க மேடைல ஏறித்தான் போகோணும். பேரு சென்னியப்பன். ஆனா டிரைவருங்களுக்கு என்ற பேரெல்லாம் தெரியாது, என்ற சத்தந்தான் தெரியும். மேடை அகலம் கம்மி. லோடு வண்டி ஏறுறப்ப டிரைவருக்கு ஓரம் தெரியாதுங்க. நான் முன்னால நின்னு சொல்லோணும். வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, இன்னொரு ஒடி, நேர் பண்ணு, ஹோல்டு. ஹோல்டுன்னா நின்னுரோணும். அதுக்கு மேல ஒரு சாண் வந்தாலும் சக்கரம் மேடைய உட்டு எறங்கிரும். என்ற சொல்லுக்கு இதுவரைக்கும் ஒரு வண்டி தப்பா ஏறுனதில்ல. எதுக்குச் சொல்றேன்னா, நான் சும்மா கத்தற ஆளில்லீங்க. அதுல ஒரு கணக்கு இருக்குது.

ஊட்டுக்காரி தங்கமணி திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. கம்பெனி வண்டி கருக்கல்ல வந்து ஏத்திக்கும், பொழுது உழுந்துதான் கொண்டாந்து உடும். அதனால புள்ள நடக்கப் பழகுனதுல இருந்து என்ற கூட எடைமேடைலதான். கோகிலவாணின்னு பேரு, வாணின்னு கூப்புடுவோம். கேபின்ல கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழ சாக்க விரிச்சுத் தூங்க வெப்பேன். எந்திரிச்சாள்னா மேடை மேல போயி குதிப்பா. மேடைல குதிச்சா கம்ப்யூட்டர்ல நம்பர் ஆடும். அதப் பாத்துக்கிட்டே நான் உள்ள உக்காந்திருப்பேன். புள்ள வெளிய இருக்கறான்னு எனக்கு நம்பர் சொல்லிரும்.

அப்ப ஒருநாளு. தவுட்டு லாரி ஒண்ணு ரிவர்ஸ் எடுத்துட்டு இருக்குது. நான் முன்னால நிக்கறேன். புள்ள கேபினுக்குள்ள தூங்குதுன்னு நெனச்சுட்டு இருக்கறேன். பாத்தா, ஒரு நாய்க்குட்டியத் தொரத்திக்கிட்டு வண்டிக்குப் பின்னால ஓடுது. எனக்கு வாணின்னு பேரு சொல்லிக் கூப்புட வாயி வரலீங்க. ஹோல்டுன்னு கத்துனேன். டிரைவருக்குச் சொன்னனா, புள்ளைக்குச் சொன்னனான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. டிரைவரு பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கறான், காதுல உழுகல. வண்டி நிக்கல. புள்ள நின்னுருச்சுங்க. ஒரு காலத் தூக்கினது தூக்கினபடி அப்படியே நின்னுருச்சு. சக்கரம் அவளுக்கு ஒரு மொழம் முன்னால உருண்டு அக்கட்டால போயிருச்சு.

அதுக்கப்பறம் அவளுக்கு அது பழக்கமாப் போச்சு. ரோட்டத் தாண்டறப்ப, வாய்க்கா மேட்டுல, மாடு முட்ட வர்றப்ப, ஹோல்டுன்னாப் போதும். நின்னுருவா. மத்த அப்பனுக அடிக்கறாங்க, மெரட்டறாங்க. நான் கை ஓங்குனதில்லீங்க. எனக்கு அந்த ஒரு சொல்லு போதுமா இருந்துச்சு. ஒரு புள்ளையக் கட்டிக் காப்பாத்தறதுக்கு வேற என்னுங்க இருக்குது எங்கிட்ட?

சரி, பந்துக்கு வர்றேன்.

எட்டாவது முடிக்கறதுக்குள்ள மடமடன்னு வளந்துட்டா. என்ற தோளத் தாண்டிப் போச்சு. ஒம்பதாவதுல புதுசா ஒரு பீ.டி. மிஸ்ஸு வந்தாங்க, ஜெசிந்தா மிஸ்ஸுன்னு, திண்டுக்கல்லுப் பக்கம். வந்ததும் வராததுமா ஒசரமான புள்ளைகளையெல்லாம் வரிசைல நிக்க வெச்சு, நீங்கல்லாம் பேஸ்கட்பாலுன்னுட்டாங்க. எங்க ஸ்கூல்ல அந்தக் கம்பம் ரெண்டும் ரொம்ப நாளா நின்னுட்டுத்தான் இருந்துச்சு. ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டறதுக்குன்னுதான் நாங்க நெனச்சுட்டு இருந்தோம்.

நான் முதல்ல பயந்தேங்க. பொட்டப்புள்ள, கீழ உழுந்து கைகால ஒடிச்சுக்கிட்டா? அப்பறம் போயிப் பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. வண்டி வராத நேரமாப் பாத்து, ஓனர்கிட்டச் சொல்லிட்டு, பொழுதோட சைக்கிள்ள போயி கிரவுண்டு ஓரமா உக்காந்துக்குவேன். புள்ளைகளோட சேந்து நானும் கத்துக்கிட்டேன். என்னையக் கேளுங்க, சொல்றேன். முதல்ல பந்தே குடுக்க மாட்டாங்க. முட்டி மடக்கி, முதுகு நேரா வெச்சு, நிக்கத்தான் பழக்குவாங்க. எங்க மிஸ்ஸு அப்படித்தான் நிக்க வெச்சே கண்ணுல தண்ணி வர வெச்சாங்க. அப்பறம் பந்து. உள்ளங்கை படக்கூடாது, வெரலுலதான் தட்டோணும். தட்டிக்கிட்டேதான் போகோணும், கையில புடிச்சுட்டு ஓடுனா ட்ராவல்னு விசிலு ஊதிருவாங்க. பந்தப் புடிச்சு நின்னுட்டா, ஒரு காலு ஆணி அடிச்சாப்ல நெலத்துல இருக்கோணும், இன்னொரு கால எந்தப் பக்கம் வேணாலும் சுத்தி வெக்கலாம். அதுக்குப் பேரு பிவட்டு. அப்படிப் பொழுதுக்கும் சுத்திட்டு நிக்கவும் உடமாட்டாங்க. சித்தெ நேரத்துல யாருக்காச்சும் குடுத்தாகோணும், இல்லீன்னாப் போட்டாகோணும்.

பந்துல இதுதான் நெம்ப முக்கியம்னு மிஸ்ஸு தெனமும் சொன்னது ஒண்ணு இருக்குது. தட்டறப்பப் பந்தப் பாக்காத, முன்னால பாரு. மத்த புள்ளைகளுக்கு அது வரவே இல்லீங்க. பந்தப் பாக்காட்டிப் பந்து ஓடிப் போயிரும். என்ற புள்ளைக்கு மட்டும் ஒரே வாரத்துல வந்துருச்சு. ஏன்னாக் கேளுங்க. அவ பந்தப் பாக்கறதில்ல, என்னையப் பாப்பா. நான் ஓரமா உக்காந்து சன்னமாச் சொல்லுவேன். வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, நேர் பண்ணு. அவ அப்படியே வருவா. ஒரு லோடு வண்டி ஏறுறாப்ல அழகா வருவாளுங்க. ஹோல்டும்பேன், நிப்பா, கூடையப் பாத்துப் போடுவா. மிஸ்ஸு என்னைய ஒரு பார்வ பாப்பாங்க. நான் ஒண்ணும் பெரிசா எடுத்துக்கல. நம்ம தொழில ஒருத்தன் நம்மளக் காட்டியும் நல்லாச் செஞ்சா யாருக்குமே கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

ஊட்டுலயும் நான் உடலீங்க. இடது கையிலயும் தட்டிப் பழகோணும்னு மிஸ்ஸு சொன்னாங்களா, நான் எல்லாமே இடது கையிலதான் செய்யோணும்னுட்டேன். பல்லு வெளக்கறது, தலை சீவறது, கோலம் போடறது. ஒருநாளு வந்த விருந்தாளிக்கு இடது கையில சோறு போட்டுட்டா. இவுங்கம்மா கரண்டியால ஒண்ணு வெச்சா பாருங்க, எனக்கு.

லீவு நாள்ல எடைமேடை மேலதான் பழகுவா. இரும்புத் தகடுங்களா, பந்து சும்மா நெஞ்சு வரைக்கும் எந்திரிக்கும். கம்ப்யூட்டர்ல நம்பர் ஆடிக்கிட்டே இருக்கும். டிரைவருக கூட வண்டிய ஓரங்கட்டி நின்னு பாப்பாங்க. எடைமேடை அண்ணன் சத்தத்துக்கு லாரி ஏறுறாப்ல இனிப் புள்ளையும் மேட்சு ஜெயிக்கும்னு சொல்லுவாங்க.

அப்ப பக்கத்து ஊரு ஸ்கூலோட ஒரு மேட்சு வெச்சாங்க. சும்மா பழக்கத்துக்கு. எங்க புள்ளைக அங்க போச்சுக. நானும் போனேன். தம்பி, அந்த ஸ்கூலு கோச்சு மாதிரி ஒரு தங்கமான மனுசன நீங்க பாத்திருக்க மாட்டீங்க. முதல் பத்து நிமிசம் நான் ஓரமா நின்னுதான் சொல்லிட்டு இருந்தேன். அந்த மனுசன் ஒரு புள்ளைய உட்டு சேரு கொண்டாந்து போட்டாரு. அதுவும் எங்க? அவுங்க புள்ளைக உக்காந்திருக்கற பெஞ்சுக்குப் பக்கத்துலயே. சித்தெ நேரங்கழிச்சுச் சோடா வாங்கிக் குடுத்தாரு. "அண்ணா, தொண்டை காஞ்சிருச்சாட்ட இருக்குது, குடிச்சுட்டு இன்னும் நல்லாச் சொல்லுங்க"ன்னாரு. எதுத்தாப்ல டீமு ஆளுக்கு எவனுங்க சோடா வாங்கிக் குடுப்பான்? அந்தப் புள்ளைகளும் மரியாதையான புள்ளைக. வெளையாட்டு மத்தில கூட என்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னுச்சுக.

ஆனா என்ன பண்றது, அன்னிக்கு எங்க நேரம் செரியில்ல. வாணி எந்தப் பக்கம் போனாலும் அவுங்க புள்ள முந்தியே அங்க நிக்குது. நான் லெஃப்டும்பேன், இவ லெஃப்டுல வருவா, அங்க ஒருத்தி கைய விரிச்சுட்டு நிப்பா. ரைட்டும்பேன், ரைட்டுலயும் ஒருத்தி. எப்படித்தான் தெரியுதோ. எங்க டீமுக்குள்ளயே யாரோ துப்புக் குடுக்கறாங்கன்னு நான் கண்டுபுடிச்சுட்டேன். யாருன்னுதான் தெரியல. தோக்கறதுன்னா அப்படி ஒரு தோல்விங்க. வாணி ஒரு பந்து கூடக் கூடைல போடல.

வேன்ல வர்றப்ப அவ அழுதுக்கிட்டே வந்தா. நான் பக்கத்துல போயி உக்காந்து, கண்ணு, துப்புக் குடுத்தவள நான் உடமாட்டேன்னு சொன்னேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மிஸ்ஸு முன் சீட்டுல இருந்து திரும்பி, "வாணி அப்பா, நீங்க இனிமே சத்தம் போட வேண்டாம்"னாங்க. நான், பரவால்லீங்க மிஸ், என்ற தொண்டைக்கு ஒண்ணும் ஆகாது, பழகுன தொண்டைன்னேன். அவுங்க முன்னால திரும்பி உக்காந்துக்கிட்டாங்க.

விடிஞ்சா மக்யா நாளு, ஸ்கூலு கேட்டுல, பெத்தவங்க ப்ராக்டீஸுக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. எல்லா பெத்தவங்களும்னு சொன்னாங்க. ஆனா வந்துட்டு இருந்தது நான் ஒருத்தந்தானுங்க. கிரவுண்டச் சுத்தி மதிலு. நான் சைக்கிள மதிலோரமா சாத்தி, கேரியர் மேல ஏறி நின்னு எட்டிப் பாப்பேன். உள்ள இருக்கறவங்களுக்கு என்ற தல அவ்வளவாத் தெரியாது, சத்தம் கேக்கும். அங்கிருந்தே லெஃப்ட்ல ஒடின்னு சொல்லுவேன். ஒருநாளு சைக்கிளு சரிஞ்சு உழுந்து முட்டியத் தேச்சுக்கிட்டேன். வாணி மதிலப் புடிச்சு எக்கி மேல எட்டிப் பாத்தா. என்னைய அந்தக் கோலத்துல பாத்துட்டு, "அப்பா, ஊட்டுக்குப் போங்கப்பா"ன்னா. கெஞ்சறாப்ல சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல. கோவமாச் சொல்லியிருந்தாக் கூடப் பரவால்ல.

ஊட்டுலயும் பேச்சு நின்னு போச்சு. எடைமேடைக்கு வர்றதில்ல. லீவு நாள்ல நான் கேபின்ல உக்காந்து கம்ப்யூட்டரப் பாத்தா நம்பர் அசையாம நிக்குது. வண்டி வந்தா ஏறும், போனா எறங்கும், அதோட செரி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல தம்பி. கேட்டுப் பாத்தேன், கண்ணு, அப்பன் என்ன பண்ணுனேன்னு சொல்லு, நான் மாத்திக்கறேன்னு. "ஒண்ணுமில்லப்பா"ங்கறா. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா அப்பறம் அதுல எதைங்க மாத்தறது?

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம காலைல, அம்மாளும் மவளும் அடுப்படில உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. நான் வாசல்ல பேப்பர் பாத்துட்டு இருக்கறேன். உள்ள குசுகுசுன்னு பேச்சு. அப்பறம் ஒரு சிரிப்பு. தங்கமணி சிரிக்கறா, புள்ள சிரிக்கறா, நிறுத்தாமச் சிரிக்கறாங்க. எத்தன நாளுக்கப்பறம் அந்தச் சிரிப்பு. நான் எட்டிப் பாத்து என்னன்னேன். ரெண்டு பேரும் என்ற மூஞ்சியப் பாத்துட்டு மறுபடியும் சிரிக்கறாங்க. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

அன்னிக்கே புள்ள எங்கிட்ட வந்தா. "அப்பா, அடுத்த வாரம் தாராபுரத்துல ஸோன் மேட்சு. நீங்க கண்டிப்பா வரோணும்"னா. எனக்கு நம்ப முடியல. மிஸ்ஸு உடுவாங்களான்னேன். "மிஸ்ஸுதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீங்க எப்பவும் போலச் சொல்லோணும்ப்பா. எப்பத்தையும் விட எச்சாவே சத்தமாச் சொல்லுங்க"ன்னா. நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டேன், கண்ணு கலங்கிப் போச்சு. நம்ம அருமை எப்பவாச்சும் தெரிஞ்சுதான ஆகோணும்.

தாராபுரத்துல எதுத்தாப்ல டீமு யாருன்னு நெனைக்கறீங்க, அதே பக்கத்து ஊரு ஸ்கூலு. அந்தத் தங்கமான கோச்சு என்னையப் பாத்ததும் ஓடி வந்து கை குடுத்து, சேரு போட்டாரு. நானும் உக்காந்து ஆரம்பிச்சேன்.

வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடின்னேன். தம்பி, அவ ரைட்டுல போறா.

சரி, காதுல உழுகலையாட்ட இருக்குதுன்னு எந்திரிச்சு நின்னு சொன்னேன். ரைட்ல ஒடி. அவ லெஃப்டுல போறா. நேர் பண்ணுன்னா, சுத்திக்கிட்டுப் போறா. என்ற பேச்ச ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமே.  என்னங்க இது, இத்தன பேருக்கு முன்னால கூட்டியாந்து வெச்சு, பெத்த அப்பன் சொல்றதுக்கு அப்படியே மாறாப் பண்றது? நான் கத்தக் கத்த அவளுக்கு எச்சாவாகுது. அந்தப் பக்கத்துப் புள்ளைகளுக்கே குழப்பமாப் போச்சு பாவம், ஒண்ணோட ஒண்ணு மோதி உழுகுதுக. அதுகளாச்சும் பெரியவங்க சொல்றத மதிச்சு நான் சொன்ன பக்கம் போச்சுக. அந்தக் கோச்சு வந்து என்ற சேரத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் என்ற புள்ள நடந்துக்கற முறை பிடிக்கலைன்னு நெனைக்கறேன்.

ஜெயிச்சுட்டாங்க. எங்க ஸ்கூலு அதுவரைக்கும் ஜெயிச்சதே இல்லைங்கறாங்க. புள்ளைகல்லாம் ஓடி வந்து எனக்குக் கை குடுக்குதுக. மிஸ்ஸு இந்தவாட்டிச் சோடா வாங்கியாந்து குடுத்து, "வாணி அப்பா, இன்னிக்கு ஜெயிச்சது உங்களாலதான்"னாங்க. கிண்டலுங்க. எனக்குப் புரியாதுங்களா? பேச்சக் கேக்காத புள்ளையப் பெத்ததுக்குச் சோடா. வாங்கிக் குடிச்சேன், வேற என்ன பண்றது.

அப்பறம் டிஸ்ட்ரிக்ட் ஃபைனலு. இதுதான் நான் சொல்ல வந்தது.

அதுல திருச்சி ஆஸ்டலுக்கு ஆளு எடுக்கறவங்க வந்து உக்காந்திருந்தாங்க. அந்தக் கிரவுண்டுல ஒரு பக்கத்துக் கம்பத்துக்கு மெத்தை சுத்தல. வெறும் இரும்பு. நான் போனதும் அதத்தான் பாத்தேன். லாரிக்கு ஓரம் பாக்கற கண்ணுங்க, அதுதான் முதல்ல தெரியும். மேட்சு முடியற நேரம், ரெண்டு பக்கமும் சரிசமம். வாணிகிட்டப் பந்து. தட்டிட்டு அந்தக் கம்பத்தப் பாத்து ஓடறா. என்ன வேகம்கறீங்க. ரெண்டு எட்டு வெச்சு எந்திரிச்சு கூடைல போடறதுன்னு ஒண்ணு இருக்குது, அதுக்குத்தான் போறா. ஆனா அந்த வேகத்துல போனாக் கம்பத்துல போயி மோதோணும், வேற வழியே இல்ல. எனக்குத் தெரியுது. எனக்கு மட்டுந்தான் தெரியுது.

ஹோல்டுன்னேன்.

அந்த மேட்சுல நான் சொன்ன மத்ததெல்லாம் வேற தம்பி. இது என்ற அடிவயித்துல இருந்து வந்துச்சு. அன்னிக்குத் தவுட்டு லாரிக்கு வந்தாப்ல. கிரவுண்டுல அத்தன பேரும் நின்னுட்டாங்க. எதுத்தாப்ல புள்ளைக நின்னுச்சு. எங்க புள்ளைக நின்னுச்சு. விசிலு வெச்சுட்டு இருந்த மனுசன் கூட நின்னு திரும்பிப் பாத்தாரு.

அவ மட்டும் நிக்கல.

எந்திரிச்சா, போட்டா, பந்து உழுந்துச்சு. உழுந்த வேகத்துலயே போயிக் கம்பத்துல தோளு மோதி, கீழ உழுந்தா. நான் உள்ள ஓடிட்டேன். விசிலு ஊதறாங்க, ஆரோ என்ற சட்டையப் புடிச்சு இழுக்கறாங்க. நான் போறதுக்குள்ள அவளே எந்திரிச்சுட்டா. தோளத் தேச்சுக்கிட்டுச் சிரிக்கறா. மத்த புள்ளைகல்லாம் அவளத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சுக. நான் நடுக் கிரவுண்டுல தனியா நிக்கறேன்.

ஊட்டுக்கு வந்து தோளுக்கு மஞ்சப்பத்துப் போட்டு உட்டப்பக் கேட்டேன். கண்ணு, ஹோல்டுன்னனே, காதுல உழுகலையா?

"உழுந்துச்சுப்பா"ன்னா.

உழுந்துச்சாமா. 

என்ன தம்பி, சிரிக்கறீங்க? இல்ல, தாராபுரம் சொன்னதுல இருந்தே உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஏதோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்.

வேணும்னே மாத்திப் போனாளா? நான் லெஃப்டுன்னா எதுராளி லெஃப்டுக்குப் போயிருவாங்க, இவ ரைட்டுல போயிரலாம், அதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டுப் போனாங்கறீங்க. அட போங்க தம்பி. பெத்த அப்பன அப்படி வெச்சு வெளையாடற புள்ள இல்லீங்க அவ. மிஸ்ஸு வேற இருந்தாங்களே, படிச்சவங்க, அவுங்க உடுவாங்களா?

அப்ப, முதல் மேட்சுல அந்தக் கோச்சு வாங்கிக் குடுத்த சோடா?

சரி, உடுங்க. அது எப்படியோ இருந்துட்டுப் போகுது. நீங்க சொல்றாப்லயே வெச்சுக்கிட்டாலும், அந்த ஹோல்டு? அது வெளையாட்டுக்குச் சொன்னதில்லீங்களே. அது அவளுக்கும் தெரியுங்க. தெரிஞ்சுதான் நிக்காமப் போனா. நின்னிருந்தா இன்னிக்கு ஆஸ்டலு இல்லைன்னு அவுங்கம்மா சொல்றா. இருக்கட்டும். நின்னிருந்தா இந்நேரம் புள்ள ஊட்டுல இருக்கும்.

இன்னிக்குக் காலைல கேட்டுல உட்டேன் தம்பி. பையெல்லாம் உள்ள போயிருச்சு, தலகாணி மட்டும் திரும்பி வந்துருச்சு. அவுங்கம்மாளுக்குக் கம்பெனில லீவு குடுக்கல, நான் ஒருத்தந்தான். உள்ள இன்னும் பல புள்ளைக, எல்லாம் பனைமரமாட்ட, இவளக் கூப்புடுதுக. இவ போறதுக்குக் கெளம்பிட்டு, கேட்டுல நின்னுட்டா. ஒரு காலு கேட்டுக்கு உள்ள. ஒரு காலு வெளிய, எம்பக்கம். உள்ள திரும்பறா, என்னையப் பாக்கத் திரும்பறா, மறுபடியும் உள்ள திரும்பறா. பிவட்டுங்க அது. அவளுக்கே தெரிஞ்சிருக்காது, எனக்குத் தெரிஞ்சுச்சு. பந்தில்லாமப் பிவட்டு.

அவ என்ற மூஞ்சியவே பாக்கறா. பழைய பார்வ. பந்தப் பாக்காம என்னையப் பாப்பாள்னு சொன்னனே, அந்தப் பார்வ. நான் சொல்றதுக்குத்தான் நிக்கறா.

ஹோல்டுன்னு வாயி வரைக்கும் வந்துச்சு. சொல்லி, அவ நிக்கலைன்னா? இந்தக் கேட்டுல, எல்லாருக்கும் முன்னால, அத நான் இன்னொருவாட்டித் தாங்க மாட்டேன். சொல்லி, நின்னுட்டாள்னா? அப்ப அந்தக் காலத் தூக்கினது தூக்கினபடி நிக்க வெச்சுட்டு நான் என்னங்க பண்ணுவேன்? எத்தன நாளைக்கு அப்படியே வெச்சிருப்பேன்?

அதனால எடைமேடைல எடை முடிஞ்ச வண்டிக்குச் சொல்லுவேன் பாருங்க, அத மாதிரிக் கைய ஆட்டி, போலாம்னேன். போலாம், போலாம், நேராப் போ.

போயிட்டாளுங்க. திரும்பிக் கூடப் பாக்காம, நேரா.

ஊரு வந்துருச்சாட்ட இருக்குது. கண்டக்டரு சத்தம் போடறாரு. தம்பி, அந்தத் தலகாணியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, குனிஞ்சா முட்டி வலிக்குது.

நீங்க படிச்சவங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்ற கணக்குப்படி, நான் என்ன சொன்னாலும் அவ மாறாத்தான செய்வா? நான் போன்னு சொன்னா அவ வந்திருக்கோணுமில்லீங்க. இன்னிக்கு மட்டும் எதுக்குங்க என்ற பேச்சக் கேட்டா?